பேர் போடாத கத்திகள்

வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டால் "பி.காம் மூணாவது வருஷம்" என்பேன். "அப்புறம்? வேற?" என்று கேட்டால் அம்மா சமையல்கட்டிலிருந்தே குரல் கொடுத்து, "காபி ஆறுதுங்க, எடுத்துக்குங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த 'வேற'வுக்கு நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயம். உண்மை என்னவென்றால், நான் கத்தி சேர்க்கிறேன்.

யாரும் பயப்பட வேண்டாம். கத்தி என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது மதுரைப் படங்களாகத்தான் இருக்கும். என்னிடம் இருப்பது அந்த வகையறா இல்லை. கட்டிலுக்கு அடியில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி ஒன்று. அதற்குள் ரெண்டு கொடுவாள் (தெற்கே வெட்டருவாள் என்பதை எங்க பக்கம் கொடுவாள் என்போம்), கருக்கு வைத்த கதிரருவாள் ரெண்டு, பாக்குவெட்டி மூணு, பனைமரத்தில் பாளை சீவும் அருவாள் ஒன்று, ஒரு சூரிக்கத்தி, ஒரு சவரக்கத்தி, ஒரு அருவாமனை. ஆக மொத்தம் 11 உருப்படி. அந்த சவரக்கத்தி தவிர எல்லாமே ஏதோ ஒரு கொல்லப்பட்டறையில் ஒரு ஆள் கையால் அடித்தது. எதுவும் கடையில் புதுசாக வாங்கியதில்லை. எல்லாம் பழைய இரும்புக் கடையிலும் சந்தையிலும் பொறுக்கியது.

செவ்வாய்ப்பேட்டையில் இருந்துகொண்டு இரும்பு சேர்ப்பதே ஒரு கேலிக்கூத்துதான். எங்க ஏரியா வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போனது. அப்பாவும் கொலுசுப் பட்டறைக்காரர்தான். பட்டறையில் கூட்டிப் பெருக்கிய குப்பையைக்கூடத் தூக்கிப் போட மாட்டார்கள், அதில் இருக்கும் வெள்ளித் தூளுக்காக அதையும் காசு கொடுத்து வாங்கிப்போக ஆள் உண்டு. அப்பாவின் கணக்கு கிராமில். என் கணக்கு கிலோவில். "ஊரே வெள்ளியை சேர்க்குது, இவன் துருவை சேர்க்கறான்" என்று அவர் சொல்லிச் சிரிக்காத நாள் கிடையாது.

சரி, ஆரம்பித்த கதைக்கு வருகிறேன். இது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை.

நான் பிளஸ் ஒன் படித்த வருஷம் வீட்டில் சமையலறையை இடித்துக் கட்டினார்கள். கிரானைட் மேடை வந்தது, நின்றபடி நறுக்க எவர்சில்வர் கத்தி வந்தது. போகிக்கு வீட்டை ஒழித்தபோது ஆயாவின் அருவாமனை மூலையில் கிடந்தது. ஆயா என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டி. "இதை யாரு இனி குந்தி அரியப் போறா, போட்டுட்டு வா" என்று யாரோ சொன்னார்கள். அம்மாவா, அத்தையா என்று இப்போது ஞாபகமில்லை. எடுத்துப் போனது நான்தான், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைக்காரர் பலகையைத் தட்டிக் கழற்றித் தள்ளிவிட்டு இரும்பை மட்டும் தராசில் வைத்தார். 34 ரூபாய். வரும் வழியில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டேன். (சேலத்துக்காரன் வேறு என்ன செய்வான்?)

சாயந்திரம் ஆயா தேங்காய் துருவ அதைத் தேடினாங்க. நான் விஷயத்தைச் சொன்னேன். திட்டவில்லை. "வித்துட்டியா சாமி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாங்க. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "எங்கப்பன் ராசிபுரத்துல ஆசாரி பட்டறையில நின்னு அடிச்சு வாங்கினது" என்றாங்க. கல்யாணச் சீரில் வந்ததாம். பலகையின் அடியில் ஆயா பேரின் முதல் எழுத்தை உளியால் செதுக்கியிருக்கும். சின்ன வயசில் நான் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன். விற்கப் போனபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

மறுநாள் காலையில் 34 ரூபாயோடு ஓடினேன். "லோடு போயிருச்சு தம்பி" என்றார் கடைக்காரர். லோடு போகும் இரும்பெல்லாம் உலையில் உருகிக் கட்டடக் கம்பியாகும். ஆயாவின் அருவாமனை இப்போது ஏதாவது ஒரு அப்பார்ட்மெண்டின் தூணுக்குள் இருக்கலாம்.

அப்புறம் பழைய இரும்புக் கடை எதைத் தாண்டினாலும் கண் தானாக உள்ளே போகும். முதலில் அந்த ஒன்றைத்தான் தேடினேன். அது கிடைக்காது என்று தெரிந்தபிறகும் பார்க்கிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் குவியலுக்குள் ஒரு பாக்குவெட்டி தெரிந்தது, வாங்கினேன். இப்படித்தான் 11 ஆனது.

சேர்க்க ஆரம்பித்ததும் படிக்கவும் ஆரம்பித்தேன். அமெரிக்காவில் கையால் செய்த கத்திகளைச் சேர்ப்பது பெரிய விஷயம். அங்கே பாப் லவ்லெஸ் என்று ஒருவர் இருந்தார் (1929-2010). கத்தி சேர்ப்பவர்களுக்கு அவர் பேர் ஒரு மந்திரம். 1950-களின் நடுவில் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ராண்டல் என்பவர் செய்த கத்தி ஒன்று வாங்க நியூயார்க் கடைக்குப் போயிருக்கிறார். மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மனுஷன் காயலான் கடைக்குப் போய், 1937-ஆம் வருஷத்து பேக்கார்டு காரின் ஸ்பிரிங் பட்டையை எடுத்துவந்து, தானே ஒரு கத்தி செய்துகொண்டார். அங்கிருந்து தொடங்கியது அவர் தொழில். இன்றைக்கு அவர் பேர் பொறித்த கத்தி ஒன்றுக்குப் பல லட்சம் ரூபாய் கொடுக்க ஆள் இருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அதற்கு ஒரு மாசம் முன்னால்தான் என் கொடுவாளை எடுத்துக்கொண்டு மல்லூர் தாண்டி ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். எழுபது தாண்டிய ஆசாரி. கொடுவாளை எனக்கு விற்றவர் "திப்பு சுல்தான் காலத்து எஃகு" என்று சத்தியம் செய்திருந்தார். ஆசாரி வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிடிக்குள் போகும் வால் பக்கம், ஓரத்தில் பாதி நிலா மாதிரி ஒரு வெட்டு இருந்தது. அதில் விரலை வைத்துச் சிரித்தார்.

"இது என்னன்னு தெரியுமா தம்பி? லாரி ஸ்பிரிங் பட்டைக்கு நடுவுல போல்ட்டு போக ஓட்டை இருக்கும். அதுல பாதி இது. திப்பு சுல்தான் லாரியா ஓட்டினாரு?"

எங்க மாவட்டமும் நாமக்கல்லும் லாரிக்காரர்கள் பூமி. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் கழித்துப்போட்ட பட்டைகள் எங்கே போகும்? பட்டறைக்குத்தான். அந்த எஃகில் நூற்றுக்கு அரை பங்குக்குக் கொஞ்சம் மேலே கரி கலந்திருக்கும். சாதா இரும்புக் கம்பியில் கால் பங்குகூட இருக்காது. கரி கொஞ்சம் இருந்தால்தான் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கும்போது இரும்பு இறுகி வாய் நிற்கும். ஆசாரி அதையும் காட்டினார். சாணைச் சக்கரத்தில் ஒரு ஆணியை வைத்தார், பொறி நீளமாக நேர்கோட்டில் போனது. கொடுவாளின் முதுகை லேசாகத் தொட வைத்தார், பொறி நுனியில் பூ மாதிரி வெடித்தது. "பூ பூத்தா எஃகு, கோடு போனா இரும்பு. அவ்வளவுதான் படிப்பு" என்றார்.

அமெரிக்காவில் கார் ஸ்பிரிங், இங்கே லாரி ஸ்பிரிங். அங்கேயும் காயலான் கடை, இங்கேயும் காயலான் கடை. ரெண்டும் ஒரு மனுஷன் கையால் அடித்ததுதான். ஒன்று பல லட்சம், மற்றது கிலோ கணக்கு. எங்கே வந்தது இந்த வித்தியாசம்? அதில் பேர் இருக்கிறது, இதில் இல்லை. செய்நேர்த்தி, அழகு என்று வேறு காரணங்களும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பேர் இல்லாமல் அந்த விலை வந்திருக்காது. அக்கவுண்டன்சியில் இதை நற்பெயர் என்று சொத்துப் பக்கத்திலேயே எழுதுவோம். எங்க ஆசாரிகள் யாரும் அந்த சொத்தை எழுதி வைக்கவில்லை.

என் சவரக்கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடிப்போன ஒரு சலூனிலிருந்து வந்தது. 'சோலிங்கன்' என்று ஜெர்மனியின் ஒரு ஊர்ப் பேர் பொறித்திருக்கும். அந்த ஊரில் செய்ததற்கு மட்டும்தான் அந்தப் பேரைப் போடலாம் என்று 1938-லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். ஊர் பேருக்கே காவல்!

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது சேலத்தின் பழைய கதை. நம்ம கஞ்சமலையின் இரும்புக்கல்லும், மண்குகையில் இரும்பை விறகுத்துண்டு, இலையோடு வைத்து மூடி உருக்கும் வித்தையும் உலகத்துக்கே தெரிந்தவை. ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் போடுவார்கள் என்று எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் வந்து, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். அதற்குச் சேலத்துக் கல்தான் போனது. பிறகு ஊருக்குத் திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டு கத்திக்காரர்களுக்கு நல்ல எஃகு மலிவாகக் கிடைக்க அது வழி செய்தது. (காப்புரிமை வழக்கிலேயே ஹீத் நொடித்துப் போனார் என்பது வேறு கதை.) அதற்கும் முன்னால், மின்சாரத்தில் நமக்குத் தெரிந்த அதே மைக்கேல் ஃபாரடே, லண்டனில் கத்தி செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து நம்ம ஊர் உருக்கை ஆராய்ந்து 1820-களில் கட்டுரை எழுதினார். ஹீத் பேர் இருக்கிறது, ஃபாரடே பேர் இருக்கிறது, ஸ்டோடார்ட் பேர்கூட இருக்கிறது. குகையை உலையில் வைத்து ஊதிய ஆசாரியின் பேர் எங்கேயும் இல்லை.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இரும்பு, எஃகு உலைகள் அங்கே அகழாய்வில் கிடைத்தன. அதே இடத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ஆள் பேர் கீறிய பானை ஓடுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பானைக்குப் பேர் வைத்தவர்கள், அதுவும் பானையின் சொந்தக்காரர்கள். எங்க ஆயா பலகையில் செதுக்கியதும் அதே பழக்கம்தான் போல. வைத்திருந்தவர் பேர் உண்டு, செய்தவர் பேர் கிடையாது.

நடுவில் ஒரு போலீஸ் கதையும் இருக்கிறது. போன வருஷம் சந்தையில் ரெண்டாவது கொடுவாளை வாங்கி, சாக்கில் சுற்றி, காலேஜ் பையில் வைத்து பஸ்ஸில் வந்தேன். இறங்கின இடத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். இருபது வயசுப் பையன், பையில் கொடுவாள். அப்புறம் என்ன சொன்னாலும் கதை மாதிரிதான் இருக்கும். "சேகரிக்கறேன் சார்" என்றேன். "தலையையா?" என்றார் ஒருவர். அப்பா வந்து பேசும்வரை ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, பேப்பரில் வரும் செய்திகளைப் பார்த்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் வீடு வரைக்கும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் வலித்தது.

அதற்குப் பிறகு சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் வராது. நூறு வருஷம் தாண்டியதென்றால் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் வேறு இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் கடைக்காரரிடம் துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்கிறேன், பையில் போடாமல் மரப்பெட்டியில் கட்டி எடுத்து வருகிறேன். உங்களில் யாருக்காவது இந்தக் கிறுக்கு பிடித்தால் இதை மட்டும் மறக்காதீங்க.

மல்லூர் ஆசாரியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் ஒரு நோட்டைக் காட்டினார். 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடிப் பிடித்தபோது, கத்தி அருவாள் செய்கிற பட்டறைகளில் வாங்குகிறவர் பேர், விலாசம் எழுதி வைக்கச் சொன்னார்கள். "எங்க தாத்தன் காலத்துலருந்து இந்தப் பட்டறையில நோட்டே கெடையாது. இப்பத்தான் வந்திருக்கு" என்றார். அதிலும் வாங்கினவர் பேர்தான்! "உங்க பேரையும் ஒரு ஓரமா எழுதுங்க தாத்தா" என்றேன். "எம்பேரு எதுக்கு? வாய் மழுங்கினா எங்கிட்டத்தான வரப்போறான்" என்றார்.

அந்தப் பதிலை நான் ரொம்ப நாள் யோசித்தேன். லவ்லெஸ் கத்தியை வாங்குகிறவர் எங்கேயோ இருக்கிறார், அவருக்குப் பேர் தேவை. இங்கே வாங்குகிறவர் நாலு மைலுக்குள் இருக்கிறார். வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவார். பேர் போட வேண்டிய அவசியமே வந்ததில்லை. சிக்கல் எப்போது வருகிறது என்றால், கத்தி அந்த நாலு மைலைத் தாண்டி என் டிரங்குப் பெட்டிக்கு வரும்போது. அங்கே வந்ததும் அது அனாதை.

இந்த ஆயுத பூஜைக்கு ஆயா அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னாங்க. வருஷா வருஷம் எனக்கும் அவங்களுக்கும் இதில் சண்டை. சந்தனம் வைத்தால் ஈரம், ஈரம் இருந்தால் சிவப்புத் துரு, சிவப்புத் துரு இரும்பைத் தின்னும். கருப்பாகப் படிந்த பழைய படிவம் இருந்தால் அது இரும்புக்குக் காப்பு, புளி போட்டுத் தேய்த்து அதைப் பளபளப்பாக்கக் கூடாது. இதையெல்லாம் நான் விளக்குவேன். ஆயா கேட்டுக்கொண்டே பொட்டு வைப்பாங்க. நான் பின்னாலேயே துணியும் எண்ணெயுமாகப் போவேன்.

இந்தத் தடவை பொட்டு வைத்துக்கொண்டே ஒரு கதிரருவாளை எடுத்துத் திருப்பினாங்க. "இது பீச்சாங்கைக்காரி அருவா" என்றாங்க. எனக்குப் புரியவில்லை. பிடியைக் காட்டினாங்க. கட்டைவிரல் அழுந்திக் குழிந்த இடம் மறுபக்கம் இருந்தது. ரெண்டு வருஷமாக என்னிடம் இருக்கிறது, பதினோரு உருப்படியையும் அங்குலம் அங்குலமாக அளந்து எழுதியவன் நான், இதைப் பார்த்ததே இல்லை. அப்புறம் பாக்குவெட்டிகளை எடுத்து, "இது நெறையப் பேரு பொழங்கின வீடு, இது ஒத்த ஆளு" என்றாங்க. கடைசியில் அருவாமனை. நடுவில் தேய்ந்து உள்வாங்கியிருந்த இடத்தில் விரலை ஓட்டி, "கீரைக்காரியா இருப்பா. நாள் முச்சூடும் அரிஞ்சிருக்கா" என்றாங்க.

கணக்கில் நாங்கள் தேய்மானம் என்று ஒன்று எழுதுவோம். நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று ரெண்டு வழி. எந்த வழியில் போட்டாலும் தேயத் தேய மதிப்பு குறையும். மூணு வருஷமாக அந்த வார்த்தையை எழுதுகிறேன், அதன் நேர் அர்த்தத்தை யோசித்ததில்லை. ஆயா படித்தது முழுக்கத் தேய்மானத்தைத்தான். செய்தவன் பேர் போடாத கத்தியில், வைத்திருந்தவள் கையால் எழுதியிருக்கிறாள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை அது அனாதை இல்லை.

அன்று ராத்திரியே ஒரு 80 பக்க நோட்டு போட்டேன். எங்கே கிடைத்தது, என்ன விலை, எந்த எஃகு, ஆசாரி என்ன சொன்னார், ஆயா என்ன சொன்னாங்க என்று கட்டம் கட்டி எழுதினேன். 11 பக்கம் நிரம்பியது. பன்னிரண்டாம் பக்கத்தில் என்னிடம் இல்லாத ஒன்றையும் எழுதினேன். ராசிபுரம் பட்டறை, கல்யாணச் சீர், பலகையில் ஓரெழுத்து, விற்றது 34 ரூபாய். விற்றவர் என்ற கட்டத்தில் என் பேர்.

அந்தக் கீரைக்காரி அருவாமனையை மல்லூருக்குக் கொண்டுபோனேன். பழைய கத்தியைச் சாணை பிடிக்கவே கூடாது, மதிப்பு போய்விடும் என்பது சேர்ப்பவர்களின் முதல் விதி. ஆசாரி வாயைத் தீட்டி, ஆடிக்கொண்டிருந்த ஆணியை மாற்றிக் கொடுத்தார். எவ்வளவு கேட்டும் ஐம்பது ரூபாய்க்கு மேல் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் நீட்டினேன். கையில் வாங்க மாட்டேன் என்றாங்க. கத்தியைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வருமாம். "கீழ வை சாமி, நான் எடுத்துக்கறேன்." வெளிநாட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது ஆயா, கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று வாங்குகிறவர் ஒரு காசு கொடுப்பார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயை எடுத்துத் தரையில் வைத்தாங்க. நான் அருவாமனையைத் தரையில் வைத்தேன். அவங்க அதை எடுத்தாங்க, நான் இதை எடுத்தேன்.

இப்போது பெட்டியில் 10 உருப்படிதான். பதினோராவது பக்கத்தில் 'விற்பனை ரூ.1' என்று எழுதிக் கையெழுத்து போட்டிருக்கிறேன். இந்த வியாபாரத்தில் லாபமா நஷ்டமா என்று அப்பா கேட்டார். இன்னும் கணக்கு முடிக்கலை என்று சொல்லியிருக்கிறேன்.

பி.கு: போகி வருகிறது. உங்க வீட்டு மூலையிலும் ஏதாவது கிடக்கும். தராசில் வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் பெரியவங்க யாராவது இருந்தால் அவங்ககிட்ட காட்டுங்கள், அவங்க சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விற்பதோ வைப்பதோ உங்க இஷ்டம்.